‘ஸ்மித்’தைக் காட்டிச் சாதிப்பெயரைக் காப்பாற்றாதீர்கள்

“வெள்ளைக்காரன் ஸ்மித்னு வச்சுக்கிறான், டெய்லர்னு வச்சுக்கிறான். அதுவும் தொழில் பேருதானே? நாங்க எங்க தாத்தா பேருக்குப் பின்னாடி இருந்ததை வச்சுக்கிட்டா மட்டும் சாதிவெறியா?”

சில வாரங்களுக்கு முன் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில், கேள்வி நேரத்தில் ஒரு மாணவர் எழுந்து கேட்ட கேள்வி இது. பின்வரிசையில் கைதட்டல். எனக்கு மிச்சமிருந்தது இரண்டு நிமிடம். “ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி” என்று தொடங்கி ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

அந்த மாணவர் சாதிச் சங்க மேடைப் பேச்சாளர் அல்ல. யூடியூபிலும் ரீல்ஸிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஒரு வாதத்தை, நியாயம்தானே என்று நம்பி, நாலு பேர் முன்னால் கேட்டவர். அவருக்கு ஒழுங்கான பதில் ஒன்று நான் கடன்பட்டிருக்கிறேன். அதோடு, தமிழ்நாட்டில் நூறாண்டுக் காலம் பாடுபட்டு பெயரின் முனையிலிருந்து கழற்றிய வாலை, ‘உலகம் பூராவும் இருக்கிறதுதான்’ என்று சொல்லி மறுபடி ஒட்டவைக்கும் வேலை நம் கண்ணெதிரே நடக்கிறது. அதற்கு ஸ்மித் சாட்சியாகக் கூப்பிடப்படுகிறார். சாட்சியை நாமும் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போமே!

ஸ்மித் யார்?

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்மித்’ என்றால் உலோகத்தை அடித்து வேலை செய்பவர். நம் ஊர்க் கொல்லர். 975ஐ ஒட்டிய காலத்திலேயே வட இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் எக்கியர்ட் ஸ்மித் என்று ஒருவர் பதிவாகியிருக்கிறார். ஆனால் அது குடும்பப் பெயர் இல்லை, ஓர் அடைமொழி. அவருடைய மகன் மாவரைக்கப் போயிருந்தால் ஊர் அவரை ‘மில்லர்’ என்றுதான் கூப்பிட்டிருக்கும்.

அங்கே அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் குடும்பப் பெயரை முதலில் வைத்துக்கொண்டவர்கள் உழைப்பாளிகள் அல்ல. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் பிரபுக்கள். பெர்சி, நெவில், லாசெல்ஸ் போன்றவை பிரான்சில் அவர்கள் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள். நிலம் வாரிசுக்கு இறங்கியது, கூடவே பெயரும் இறங்கியது. குடியானவருக்கும் கைவினைஞருக்கும் பெயர் நிலைப்பட்டது பெரும்பாலும் 1250க்கும் 1400க்கும் இடையில். அதற்கும் காரணம் பெருமை அல்ல, வரி. ஊரில் பாதிப் பேர் ஜான், மிச்சப் பேர் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்றிருந்தால் எந்த ஜானிடம் வரி வசூலிப்பது? ஆகவே கொல்லர் ஜான், ஆற்றங்கரை ஜான், ராபர்ட் மகன் ஜான், சிவப்புத் தலை ஜான். ஸ்மித், ரிவர்ஸ், ராபர்ட்சன், ரீட் எல்லாம் இப்படி வந்தவைதான்.

1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி போட்டார்கள். 1379ஆம் ஆண்டுப் பட்டியல்கள் சிலவற்றில் பெயருக்குப் பக்கத்திலேயே தொழிலும் எழுதப்பட்டிருக்கிறது. பெயர் ஒரு தொழிலைச் சொல்ல, ஆள் வேறு தொழில் செய்வது அப்போதே தொடங்கிவிட்டது. 1538இல் ஒவ்வொரு தேவாலயமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டபோது, பெயர் வெறும் பெயராகிவிட்டிருந்தது.

இன்றைக்கு இங்கிலாந்தில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் ஸ்மித். காரணம் எளிது. ஊருக்கு ஒரு கொல்லர் வேண்டும், எல்லா ஊரிலும் ஒருவர் இருந்தார். அத்தனை ஸ்மித்துகளும் ஒரே சாதியா? ஸ்மித்துகள் ஸ்மித்துகளுக்குள்தான் பெண் கொடுத்து எடுத்தார்களா? ஸ்மித் சங்கம், ஸ்மித் மாநாடு, ஸ்மித் மேட்ரிமோனி உண்டா? பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தின் அப்பா சுங்கத் துறை அதிகாரி. எஃப். இ. ஸ்மித் நாட்டின் உச்ச நீதிப் பதவியான லார்டு சான்ஸலர் நாற்காலியில் உட்கார்ந்தார். வில் ஸ்மித் கறுப்பின நடிகர். ‘ஸ்மித்’ என்ற மூன்றெழுத்தை வைத்துக்கொண்டு ஒருவரின் வீட்டு வாசலைக்கூட உங்களால் ஊகிக்க முடியாது. ‘தாட்சர்’ என்றால் கூரை வேய்பவர். மார்கரெட் தாட்சரை எதிர்த்துத் தெருவில் இறங்கிய சுரங்கத் தொழிலாளர்கள் அவரை எத்தனையோ திட்டினார்கள். ‘கூரை வேயப் போ’ என்பது அங்கே ஒரு வசையே அல்ல.

சாசர் வீட்டுக் கதை

ஸ்மித்தைவிட நமக்கு நெருக்கமான இன்னொரு பெயர் இருக்கிறது. ஆங்கில இலக்கியம் படித்த எவரும் முதல் பருவத்திலேயே சந்திக்கும் பெயர்: ஜெஃப்ரி சாசர். ‘கேன்டர்பரி கதைகள்’ எழுதியவர், ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று சொல்லப்படுகிறவர். ‘சாசர்’ என்பது பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. காலுக்கும் பாதத்துக்கும் போடுபவற்றைத் தைப்பவர் என்று பொருள். சுருக்கமாகச் சொன்னால், செருப்புத் தைப்பவர்.

முதுகலை வகுப்பில் எங்கள் பேராசிரியர் இதைச் சொன்னார். முப்பது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். யாரும் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. அன்று இரவு விடுதியில் ஏதோ பேச்சுவாக்கில் அறை நண்பன் கேட்டான்: “உங்க தாத்தா என்ன பண்ணிட்டிருந்தாரு?” நான் “விவசாயம்” என்றேன்.

பொய். என் தாத்தா செருப்புத் தைத்தவர். கமலை இறைத்த காலத்தில் ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் தோல் சால் தைத்துக் கொடுத்தவர். அவர் தைத்த சாலில் இறைத்த தண்ணீர் ஊர் வயலெல்லாம் பாய்ந்தது. அந்தக் கிணற்றில் அவர் ஒரு வாய் அள்ளிக் குடிக்க முடியாது. பகலில் நோட்டில் பெருமையாக எழுதிக்கொண்ட அதே தொழிலை இரவில் மறைத்தேன். ‘ஸ்மித்தும் நம்ம பேரும் ஒண்ணுதானே’ என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் என் முதல் பதில் அந்த இரவுதான். இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் நான் ஏன் பொய் சொல்லியிருக்கப் போகிறேன்?

சாசர் குடும்பத்தைப் பாருங்கள். ஜெஃப்ரியின் கொள்ளுத் தாத்தா இப்ஸ்விச் நகரத்தில் மதுக்கடை நடத்தியவர், அதனால் ‘டாவர்னர்’. தாத்தா ராபர்ட், மாலின் என்றும் சாசர் என்றும் இரண்டு பெயராலும் அறியப்பட்டார். அப்பா ஜான் சாசர் லண்டனில் பெரிய திராட்சை மது வணிகர். மூன்று தலைமுறையில் மூன்று பெயர். கடைசியில் ஒட்டிக்கொண்ட பெயருக்கும் வீட்டில் நடந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெயர் அவர்களைப் பிடித்துவைக்கவில்லை. அவர்கள்தான் சட்டை மாற்றுவதுபோல் பெயரை மாற்றினார்கள்.

ஜெஃப்ரி இளவயதில் ஓர் அரச குடும்பத்துச் சீமாட்டியின் வீட்டில் ஏவலராகச் சேர்ந்தார். போரில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியபோது, 1360இல் அவரை மீட்க அரசர் 16 பவுண்டு கொடுத்தார். 1374 முதல் லண்டன் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. ஒரு மாவீரர் குடும்பத்துப் பெண்ணான பிலிப்பாவை மணந்தார். பிலிப்பாவின் சகோதரி கேத்தரின் அரசரின் மகன் ஜான் ஆஃப் கான்ட்டின் காதலியாக இருந்து, 1396இல் அவருக்கு மனைவியும் ஆனார். அதாவது, செருப்புத் தைப்பவர் என்று பெயருள்ள மது வணிகரின் பையனுக்கு அரசகுமாரன் சகலை முறை.

ஜெஃப்ரியின் மகன் தாமஸ் சாசர் ஐந்து முறை நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர். பேத்தி ஆலிஸ் சாசர் சஃபோக் கோமகனை மணந்து கோமகளானார். அந்தக் கோமகனின் முன்னோரும் ஹல் துறைமுகத்துக் கம்பளி வியாபாரிகள்தான். ஆலிஸின் மகன் மணந்தது நான்காம் எட்வர்டு அரசரின் தங்கையை. அவர்களுடைய மகன், அதாவது ஜெஃப்ரியின் எள்ளுப்பேரன், மூன்றாம் ரிச்சர்டுக்கு அடுத்து அரியணைக்கு உரியவர் என்று பேசப்பட்டவர்.

‘செருப்புத் தைப்பவர்’ என்ற பெயர் நாலைந்து தலைமுறையில் அரியணையின் படிக்கட்டு வரை போயிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் யூவெல்ம் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் ஆலிஸின் கல்லறை இன்றும் இருக்கிறது. கைகூப்பிப் படுத்திருக்கும் அந்தச் சிற்பத்தின் கையில் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பட்டத்தின் பட்டை. ‘உங்க பேருக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டு அவரைத் தேவாலயத்துக்கு வெளியே யாரும் புதைக்கவில்லை.

இதைச் சொர்க்கமாக்கிக் காட்ட நான் வரவில்லை. அந்தக் குடும்பத்திலேயே சொத்துக்காக ஓர் அசிங்கம் நடந்தது. ஜெஃப்ரியின் அப்பா ஜான் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1324இல் அவரை அத்தையே கடத்திக்கொண்டு போனார். தன் மகளுக்குக் கட்டிவைத்து இப்ஸ்விச் சொத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளத்தான். கதை நமக்குப் பழக்கமானதுதானே? ஆனால் முடிவு பழக்கமானதல்ல. அத்தைக்குச் சிறையும் 250 பவுண்டு அபராதமும் கிடைத்தன. ஊர்ப் பஞ்சாயத்து கூடி ‘முறைதானே’ என்று வாழ்த்தவில்லை.

அவர்களும் பூட்டுப் போட்டுப் பார்த்தார்கள்

இங்கே நண்பர்கள் சிலர் குறுக்கிடலாம். “அங்க பண்ணையடிமை முறை இல்லையா? பிறப்பால் அடிமை இல்லையா?” இருந்தது. ‘வில்லெய்ன்’ எனப்பட்ட பண்ணையடிமையின் பிள்ளை பண்ணையடிமை. மகளுக்குக் கல்யாணம் செய்யப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். மகனைப் படிக்க அனுப்பவும் அனுமதி வேண்டும். இங்கிலாந்தின் மேட்டுக்குடி உத்தமமானது என்று நம்புவதற்கு நமக்கு ஒரு காரணமும் இல்லை.

1348-49இல் கொள்ளைநோய் வந்து மக்களை வாரிக்கொண்டு போனது. உழைக்க ஆளில்லை, மிஞ்சியவர்கள் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். உடனே சட்டங்கள் வரிசையாக வந்தன. 1351இல் கூலிக்கு உச்சவரம்பு. 1363இல் கைவினைஞர் ஒரே தொழிலைத்தான் செய்ய வேண்டும் என்ற சட்டம், கூடவே யார் எந்தத் துணி உடுத்தலாம் என்ற சட்டம். 1388இல், பன்னிரண்டு வயது வரை ஏரும் வண்டியும் ஓட்டிய பிள்ளை அதற்குமேல் அதே வேலையில்தான் இருக்க வேண்டும், வேறு தொழில் கற்கக் கூடாது என்ற சட்டம். மனு எழுதியவர் பார்த்தால் தலையாட்டி மகிழ்ந்திருப்பார்.

ஆனால் அந்தப் பூட்டு நிற்கவில்லை. 1381இல் தலைவரியை எதிர்த்துக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தலைவர் வாட் டைலர். ‘டைலர்’ என்றால் ஓடு வேய்பவர். எசெக்ஸிலிருந்து வந்த கூட்டம் ஆல்ட்கேட் வாயில் வழியாக லண்டனுக்குள் நுழைந்தது. அந்த வாயிலுக்கு மேலிருந்த வீட்டில்தான் அப்போது சாசர் குடியிருந்தார். போன ஊரிலெல்லாம் கலகக்காரர்கள் தேடித்தேடிக் கொளுத்தியது பண்ணைப் பதிவேடுகளை. யார் யாருக்கு அடிமை என்று எழுதியிருந்த ஏடுகளை. டைலரைக் கொன்றார்கள், கலகத்தை நசுக்கினார்கள். ஆனாலும் அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் பண்ணையடிமை முறை தேய்ந்து மறைந்தது.

1391இல் கீழவை உறுப்பினர்கள் அரசரிடம் ஒரு மனு கொடுத்தார்கள். பண்ணையடிமைகள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தடை விதிக்க வேண்டும் என்று. அரசர் மறுத்துவிட்டார். 1406இல் வந்த சட்டம், ஏழைகள் பிள்ளைகளை நகரத்துத் தொழில் பயிற்சியில் சேர்க்கக் கட்டுப்பாடு போட்டது. ஆனால் அதே சட்டம், எந்த நிலையில் இருப்பவரும் தன் மகனையோ மகளையோ பள்ளிக்கு அனுப்பலாம் என்று எழுதிவைத்தது.

இந்த ஆண்டுகளை 1953 என்ற ஆண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு, அரைநாள் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பெரியார் அதற்குச் சரியாகப் பெயர் வைத்தார்: குலக்கல்வி. போராட்டம் வெடித்தது, ராஜாஜி பதவி விலகினார், 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இங்கிலாந்து அரசர் 1391இல் மறுத்த ஒன்றை இங்கே 1953இல் ஒருவர் நலத்திட்டமாகக் கொண்டுவர முடிந்தது. ஏனென்றால் இங்கே பூட்டு சட்டத்தில் மட்டும் இல்லை. சாத்திரத்தில், கோயிலில், கல்யாணத்தில், கிணற்றடியில், சுடுகாட்டில் இருந்தது. எந்த ஏட்டைக் கொளுத்தினால் சாதி போகும் என்று ஒரு டைலரால் இங்கே கண்டுபிடிக்க முடியாது.

பெயரும் அதிகாரமும்

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புக்குச் சாதகமானதையும் மறைக்கக் கூடாது. கிரகரி கிளார்க் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 2014இல் வெளியிட்ட நூலில் குடும்பப் பெயர்களை வைத்துச் சமூக ஏற்ற இறக்கத்தை அளந்தார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் பட்டியல்களைப் பார்த்தால், 1066இல் வந்த நார்மன் பிரபுக்களின் பெயர்கள் பல நூற்றாண்டுகள் கழித்தும் தங்கள் எண்ணிக்கைக்கு மீறி அங்கே இருக்கின்றன. ஆக, பெயர் அங்கேயும் சும்மா இல்லை. மேலே இருந்தவர்கள் எளிதில் இறங்கவில்லை.

ஆனால் அதே நூலில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்மித், பேக்கர், குக் போன்ற கைவினைஞர் பெயர்கள் 1500 வாக்கிலேயே அந்தப் பல்கலைக்கழகங்களில் தங்கள் மக்கள்தொகை விகிதத்தை எட்டிவிட்டன. மற்றொன்று, வங்காளத்து மருத்துவர், நீதிபதி பட்டியல்களைப் பார்த்த கிளார்க், முகர்ஜி, பானர்ஜி, சாட்டர்ஜி பெயர்களின் ஆதிக்கம் அசையாமல் நிற்பதைக் காட்டி, அதை அகமண முறையோடு இணைக்கிறார். திறமையே ரத்தத்தில் இறங்குகிறது என்ற பக்கம் அவர் சாயும்போது நாம் அவரோடு போக வேண்டியதில்லை. ஆனால் ‘ஸ்மித்தும் நாங்களும் ஒன்று’ என்பவர்கள் அவருடைய பட்டியல்களையாவது பார்க்கலாம்.

ஆங்கிலப் பெயர்கள் உண்மையிலேயே விலங்காக மாறிய இடம் ஒன்று உண்டு. கரும்புத் தோட்டமும் பருத்திக் காடும். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்களின் பெயர்களைப் பிடுங்கிவிட்டு ஆங்கிலப் பெயர்களைச் சுமத்தினார்கள். ஃபிரெடரிக் பெய்லி 1838இல் அடிமைத்தளையிலிருந்து தப்பியதும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று பெயரை மாற்றிக்கொண்டது. அவர்தான் ஃபிரெடரிக் டக்ளஸ். மால்கம் லிட்டில் தன் கடைசிப் பெயரை அடித்துவிட்டு எக்ஸ் என்று போட்டுக்கொண்டார். பிடுங்கப்பட்ட பெயருக்கு ஓர் அடையாளம் அது. நம் ஊர்ச் சாதிப்பெயருக்கு ஆங்கில உலகத்தில் ஒப்புமை வேண்டுமென்றால், கொல்லர் ஸ்மித்திடம் போகாதீர்கள். அடிமைச் சந்தைக்குப் போங்கள்.

நீங்கள் போட்டுக்கொள்வது என்ன தொழில்?

இப்போது அந்த மாணவரிடம் நான் அன்றைக்கே திருப்பிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தம்பி, தொழில் பெயர் என்கிறீர்களே, முதலியார் என்பது என்ன தொழில்? பிள்ளை என்பது என்ன தொழில்? கவுண்டர், தேவர், ரெட்டி, ஐயர், சர்மா இதிலெல்லாம் எந்தத் தொழில் இருக்கிறது? முதன்மையானவர், தலைவர், தேவனுக்கு நிகரானவர் என்பவை தொழில்கள் அல்ல. பட்டங்கள். அடுத்தவரைவிட நான் மேலே என்ற அறிவிப்புப் பலகைகள்.

உண்மையிலேயே தொழிலோடு சேர்த்து அழைக்கப்பட்டவர்கள் இந்த ஊரில் யார்? துணி வெளுத்தவர்கள், முடி திருத்தியவர்கள், தோல் பதனிட்டவர்கள், மலம் அள்ள வைக்கப்பட்டவர்கள். அவர்கள் அந்தப் பெயரை இன்ஸ்டா பயோவில் ஸ்டைலாகப் போட்டுக்கொள்கிறார்களா? அந்தப் பெயர்கள் அவர்கள் மீது எறியப்படுகின்றன. பள்ளிக்கூட மைதானத்தில், டீக்கடை பெஞ்சில், அலுவலக மாடிப்படியில். வட இந்தியாவில் ‘சமார்’ என்ற சொல்லுக்கும் வேர் தோல்தான். 2008இல் உச்ச நீதிமன்றம், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு ஒருவரை அப்படி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்ல வேண்டி வந்தது. சாசர், சமார் இரண்டுமே தோலிலிருந்து வந்த பெயர்கள். ஒன்றை வகுப்பில் எழுதிக்கொண்டோம். மற்றதைத் தடுக்கச் சட்டம் வேண்டியிருக்கிறது.

ஆக, ஸ்மித் வாதத்தில் ஒரு திருட்டு ஒளிந்திருக்கிறது. உழைப்பவரின் பெயரை முன்னால் காட்டி, உழைப்பை உறிஞ்சியவரின் பட்டத்தைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறார்கள். உங்கள் பட்டங்களுக்கு இங்கிலாந்தில் உறவுக்காரர் வேண்டுமென்றால் அது ஸ்மித் அல்ல, நார்மன் பிரபு. அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுப் பாருங்கள், முற்போக்காகக் கேட்கிறதா என்று பார்ப்போம்.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி எது என்று காட்டிவிட்டார். தொழில் அல்ல, அகமணம். ஒரு குழுவைச் சுற்றி வேலி போட்டு, பெண்களின் திருமணத்தைக் கட்டுப்படுத்திக் கதவைச் சாத்திக்கொள்வது. அதனால்தான் தொழில் மாறியும் சாதி மாறுவதில்லை. சாசரின் பேரன் பேத்திகள் யாரை மணக்கலாம் என்பதைப் பணம் தீர்மானித்தது. அதுவும் அநீதிதான். ஆனால் பணம் சேர்க்க முடியும், தொலைக்கவும் முடியும். பிறப்பை என்ன செய்வது? 2011-12இல் எடுக்கப்பட்ட இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி இந்நாட்டில் சாதி கடந்த திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான். அதற்கும் அரிவாள் காத்திருக்கிறது.

இதே சாதி கப்பலேறி ஸ்மித்துகளின் ஊருக்கே போயிருக்கிறது. 2013இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்கும்படி அரசுக்குக் கடமை விதித்தது. சில இந்து அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2018இல் அரசு, சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று பின்வாங்கியது. யோசித்துப் பாருங்கள். ஸ்மித்துக்கும் டெய்லருக்கும் இடையே தீண்டாமை இருந்ததால் அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை. நம் ஆட்கள் அங்கேயும் போய்க் கடைசிப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்ததால் தேவைப்பட்டது.

நமக்கான கேள்வி

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயரோடு சாதிப்பட்டத்தைச் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதன் விளைவை நாம் தினமும் அனுபவிக்கிறோம். தமிழ்நாட்டுப் பிள்ளை வெளிநாட்டு விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ என்ற கட்டத்தைப் பார்த்துத் திகைக்கிறான். அப்பா பெயரை எழுதுகிறான். விமான நிலையத்தில் நம்மை நம் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சிரமம்தான். இந்தச் சிரமத்தைப்போல் நான் பெருமைப்படும் சிரமம் வேறில்லை.

ஆனால் வால் போனதும் நாய் போய்விட்டதாக நாம் நினைத்துக்கொண்டோம். பெயரில் கேட்க முடியாததை வேறு வழியில் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். “சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? குலசாமி எது?” நாங்குநேரியில் 2023இல் சக மாணவர்களே ஒரு சிறுவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அவர்கள் பெயருக்குப் பின்னால் வாலைத் தேடவில்லை. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்கச் சொன்னது. பிள்ளைகள் கையில் கட்டும் சாதி வண்ணக் கயிற்றைத் தடுக்கச் சொன்னது. பெயரிலிருந்து கழற்றியதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெயரில் சாதி இல்லை என்பதையே சாக்காக வைத்து, ‘எனக்குச் சாதியே தெரியாது’ என்று சொல்லும் முற்போக்காளர்கள் நம்மிடையே நிறைய. வாலை வெட்டிய கையோடு சொத்து, தொடர்பு, சம்பந்தம் எல்லாவற்றையும் சாதிக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பெயரில் வால் தேவையே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பார்த்தால் போதும், சம்பந்தி வீட்டுப் பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

தாமஸ் சாசருக்கு ஆலிஸ் ஒரே மகள். அவரோடு அந்த வீட்டில் ‘சாசர்’ என்ற குடும்பப் பெயர் முடிந்துபோனது. யாரும் அழவில்லை, பெயரை மீட்க யாரும் சங்கம் கட்டவில்லை. வம்சம் வேறு பெயர்களோடு கலந்து எங்கெங்கோ போய்விட்டது. பெயர் இப்படிச் சாகலாம், அதில் ஒரு நட்டமும் இல்லை. நமக்கு வேண்டியதும் இதுதான். எவருக்கும் தெரியாமல், எவரும் துக்கம் கொண்டாடாமல் சாதிப்பெயர்கள் கரைந்துபோக வேண்டும். அதற்கு வழி மேடையில் இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் இருக்கிறது.

அந்த மாணவர் இதைப் படித்தால், அவருக்கு ஒரே ஒரு வேலை சொல்வேன். உங்கள் தாத்தா பெயருக்குப் பின்னால் இருந்ததை வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டீர்கள். அதே கேள்வியை உங்கள் தாத்தா காலத்தில் அவருடைய நிலத்தில் உழைத்தவரின் பேத்தியிடம் போய்க் கேளுங்கள். அவர் தன் தாத்தா பெயருக்குப் பின்னால் இருந்ததை உங்களிடம் உரக்கச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், ஸ்மித்தும் நீங்களும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன்.

என் பங்குக்கு நானும் ஒரு பழைய பதிலைத் திருத்திக்கொள்கிறேன். என் தாத்தா விவசாயி அல்ல. அவர் செருப்புத் தைத்தவர், தோல் சால் தைத்தவர். நல்ல கை வேலைக்காரர்.